வீட்டில் பேசும் மொழி: ஆங்கிலம்

பிரசன்னா,

நான் கோபமாக இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கட்டானது இல்லையா, அது சிக்னல் கோளாறு இல்லை. நான்தான் வைத்தேன். நான் இருக்கும் பிளானோவிலிருந்து உன் காப்பெலுக்கு டோல்வேயில் வந்தால் அரை மணி நேரம்தான், நேரிலேயே வந்து சொல்லலாம். ஆனால் வந்தால் நான் கத்துவேன், நீ "அம்மா, காம் டவுன்" என்பாய், அதைக் கேட்டு இன்னும் கத்துவேன், ரம்யா நடுவில் காபி கொண்டுவந்து வைப்பாள், விஷயம் அப்படியே நின்றுவிடும். இங்கிலீஷில் மெசேஜ் அனுப்பலாம் என்றால், அந்த மொழியில் நான் ரொம்ப மரியாதைக்காரியாகிவிடுகிறேன், எனக்கு அதில் கோபப்படத் தெரியவில்லை. அதனால் தமிழில், கையால் எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். இரண்டாம் வகுப்புப் பாதி வரை திருச்சியில் படித்தவன் நீ, எழுத்துக் கூட்டினால் வரும். முடியாத இடத்தில் ரம்யா படித்துக் காட்டட்டும். அவளும் தெரிந்துகொள்ள வேண்டிய சமாச்சாரம்தான்.

நீ சொன்னதை அப்படியே திருப்பி எழுதுகிறேன், தப்பாகக் கேட்டுக்கொண்டேன் என்று நீ சொல்லக் கூடாது பார். "யாழினியோட டீச்சர் ஈமெயில் பண்ணியிருக்காங்கம்மா. இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் ஃபாலோ பண்ண மாட்டேங்கிறாளாம், யார்கிட்டயும் பேசறதே இல்லையாம். ஸ்பீச் இவாலுவேஷன் பண்ணிப் பாக்கலாமான்னு கேக்கறாங்க" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் ரம்யா இருந்திருப்பாள் போலிருக்கிறது, "எனக்கு இருந்த ப்ராப்ளம் அவளுக்கும் வந்துடுச்சும்மா. ஜெனடிக்கா இருக்கும். ஐ ஃபீல் ஸோ பேட்" என்றாய். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஸ்கூல்ல சேக்கும்போது வீட்டுல என்ன பாஷை பேசறீங்கன்னு ஒரு ஃபார்ம் இருந்திருக்குமே, அதுல என்னடா போட்ட?" நீ கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாய்: "இங்கிலீஷ்தான். நீதானேம்மா எல்லார்கிட்டயும் அப்படித்தான் போடணும்னு சொல்லுவ." அங்கேதான் நான் போனை வைத்தேன்.

பிறந்ததிலிருந்து ரம்யாவிடமும், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் முறை வைத்துக் கோயம்புத்தூரிலிருந்து வந்துபோகும் அவள் அப்பா அம்மாவிடமும் வளர்ந்த குழந்தை யாழினி. டேகேர் பக்கமே போனதில்லை. டிவியில் வரும் நாலு பாட்டைத் தவிர அந்தக் குழந்தைக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்? அவளுடைய வீட்டு மொழி இங்கிலீஷ் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு இங்கிலீஷ் புரியாததை நோய் என்று நம்புகிறாய். உன்னைச் சொல்லி என்ன பிரயோஜனம்? உனக்கும் அந்த நோய் இருந்தது என்று உன்னை நம்பவைத்தவள் நான். இப்போது சொல்கிறேன், நிதானமாகப் படி. பிரசன்னா, உனக்கு எந்த ப்ராப்ளமும் இருந்ததில்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. உனக்குப் பேச்சு வராது என்று ஒரு தாளில் எழுதினார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் அதில் கையெழுத்துப் போட்டேன்.

திருச்சியில் நீ எப்படி இருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. உன் பள்ளி டைரியில் டீச்சர் எழுதியனுப்பும் ஒரே புகார், வாயை மூடுவதே இல்லை என்பதுதான். உறையூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரை பஸ்ஸில் வருகிற கண்டக்டர் மாதிரியே பேசிக் காட்டுவாய். கேஸ் சிலிண்டர் போட வருகிறவரை நிற்கவைத்து அந்தக் கண்டக்டர் கதையை ஆரம்பிப்பாய், அந்த மனுஷர் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் ஏழு வயதில், ஒரு ஜனவரி மாதத்தில், புது ஜாக்கெட் போட்டு இங்கே பள்ளிக்கூட ஆபீஸ் கவுன்டருக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

எங்கள் அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸில் எங்களுக்கு நாலு வருஷம் முன்னால் வந்தவர் செல்வம் அங்கிள். புதிதாக வருகிற எல்லாத் தமிழ்க் குடும்பத்துக்கும் அவர்தான் வழிகாட்டி. எந்தக் கடையில் கறிவேப்பிலை, எந்த டாக்டர், லைசென்ஸ் டெஸ்ட்டில் என்ன கேட்பார்கள், எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கும் கூட வந்தார். அந்தத் தாளில் மூன்று கேள்விகள் இருந்தன. வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள், குழந்தை அதிகம் பேசும் மொழி எது, குழந்தை முதலில் பேசிய மொழி எது. எதற்காகக் கேட்கிறார்கள் என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. செல்வம் அங்கிள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மூணுக்கும் இங்கிலீஷ்னே போட்ருங்க மேடம். தமிழ்னு போட்டீங்கன்னா, இங்கிலீஷ் தெரியாத பசங்களுக்குன்னு ஈ.எஸ்.எல். கிளாஸ் இருக்கு, அதுல தூக்கிப் போட்ருவான். அப்புறம் கெட்டிக்காரப் பசங்களுக்கான கிஃப்டட் கிளாஸெல்லாம் மறந்துட வேண்டியதுதான். மெக்ஸிகோ பசங்களோட உக்காந்து கலர் அடிச்சிட்டு இருப்பான்" என்றார். உன் அப்பா பாஸ்போர்ட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேனா என் கையில் இருந்தது. பெரிய எழுத்தில், மணிமணியாக, மூன்று தரம் இங்கிலீஷ் என்று எழுதினேன்.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போது நீ என் துப்பட்டாவை இழுத்து, "அம்மா, இங்க பெல் எங்கம்மா மாட்டியிருக்காங்க? மணி யாரு அடிப்பாங்க?" என்று கேட்டாய். கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி உன்னைப் பார்த்துச் சிரித்தாள். நீ பேசியது இங்கிலீஷ் இல்லை என்பது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. தாளையும் பார்த்தாள், உன்னையும் பார்த்தாள், பிறகு தாளை வாங்கி முத்திரை குத்திக் கோப்பில் போட்டாள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. நான் பொய் எழுதினேன், சரி. அந்தப் பெண்மணியைக் கேட்கிறேன், குழந்தை எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கிறதே, அதைக் கேட்க உங்களை எது தடுத்தது? தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் குழந்தை என்று நினைக்கிற ஒரு ஆபீஸிடம் உன்னை ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மூன்று மாதம் பள்ளிக்கூடத்தில் நீ வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் எழுந்தால் எழுந்தாய், உட்கார்ந்தால் உட்கார்ந்தாய். கணக்கில் வெறும் எண்கள் இருந்தால் முழு மார்க், அதையே வாக்கியமாக எழுதிக் கேட்டால் பூஜ்யம். திருச்சியில் ஆறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பிள்ளைக்குக் கணக்குத் தெரியும், மொழிதான் புரியவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம், வீட்டிலும் தமிழ் பேசக் கூடாது என்பது. அப்போது எங்கள் இங்கிலீஷ் என்ன லட்சணத்தில் இருந்தது என்று நினைக்கிறாய்? "ரசம் வான்ட்? மோர் வான்ட்?" என்று சாப்பாட்டு மேஜையில் நானும் அப்பாவும் நாடகம் போட்டோம். அதுவரைக்கும் வீட்டிலாவது பேசிக்கொண்டிருந்த பிள்ளை, அதற்குப் பிறகு வீட்டிலும் தலையை ஆட்டத் தொடங்கினான்.

ஏப்ரலில் பள்ளியிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகளில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மேஜை நடுவில் ஒரு டிஷ்யூ டப்பா. உன்னைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள், இங்கிலீஷில்தான். மொழித்திறன் வயதுக்கு மிகவும் கீழே இருக்கிறது, பேச்சுக் குறைபாடாக இருக்கலாம் என்றார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தி மட்டும், ஸ்பீச் தெரபிஸ்ட், ஒல்லியான பெண், தாளை மூடிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். வீட்டில் அவன் வேறு ஏதாவது மொழி கேட்கிறானா? உங்களுக்குச் சௌகரியமான மொழியில் பேச ஆள் ஏற்பாடு செய்யட்டுமா? அப்பா அவசரமாக, "நோ, நோ. வீ ஆர் இங்கிலீஷ் ஸ்பீக்கிங் ஃபேமிலி" என்றார். அவள் அவரை விட்டுவிட்டு மறுபடியும் என்னையே பார்த்துக் கேட்டாள். அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டாவது வாய்ப்பும் கொடுத்தாள். நான், "ஒன்லி இங்கிலீஷ்" என்றேன். பிறகு அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று கேட்பாய். ஃபார்மில் பொய் எழுதினோம் என்று தெரிந்தால் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒன்று இருந்தது, கிரீன் கார்டுக்கு அப்போதுதான் அப்ளை பண்ணியிருந்தோம். அதைத்தான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன். ஆனால் பயம் பாதிதான். மீதிப் பாதி வெட்கம். நாங்கள் படித்தவர்கள், இன்ஜினீயர் குடும்பம், இங்கிலீஷ் தெரியாத பிள்ளையின் அம்மா என்று அந்த ஆறு பேர் முன்னால் உட்கார என் கௌரவம் இடம்கொடுக்கவில்லை. என் பிள்ளைக்கு மூளையில் கோளாறு என்று யாரோ சொன்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது, தமிழ் மட்டும்தான் பேசுவான் என்று சொல்லத்தான் முடியவில்லை. இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், காரணம்தான் தெரியாது. நாலு வருஷம், வாரத்துக்கு இரண்டு நாள், உன்னை வகுப்பிலிருந்து எழுப்பி ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணாடி முன்னால் உட்காரவைத்து நாக்கை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். "ழ" என்று சொல்லத் தெரிந்த நாக்குக்கு! வீட்டுக்கு வந்தும் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து திறந்து மூடுவாய். நான் கதவோரம் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அதே காம்ப்ளெக்ஸில் எங்கள் மாடிக்கு மேல் மாடியில் லூசியா என்று ஒரு பெண், உன் வகுப்புதான். அவள் அம்மா ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தாள். அவர்கள் மெக்ஸிகோவிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. லாண்டரி ரூமில் அவளும் நானும் அரைகுறை இங்கிலீஷில் பேசிக்கொள்வோம். ஒரு நாள் ஃபார்ம் விஷயத்தைச் சுற்றி வளைத்துக் கேட்டேன், நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று. அவள் என்னை விசித்திரமாகப் பார்த்து, "ஸ்பானிஷ்" என்றாள். வேறு என்ன எழுதுவது என்பதுபோல் தோளைக் குலுக்கிவிட்டுத் துணியை மடித்தாள். லூசியா ஈ.எஸ்.எல். வகுப்புக்குப் போனாள். பரீட்சையில் அவளுக்கு அகராதி கொடுத்தார்கள், கூடுதல் நேரம் கொடுத்தார்கள், புரியாத கேள்வியை இன்னொரு தரம் வாசித்துக் காட்டினார்கள். உனக்கு ஒன்றும் கிடையாது, நீதான் தாளில் இங்கிலீஷ்காரன் ஆயிற்றே. ஐந்தாம் வகுப்பு முடிந்த விழாவில் மைக்கைப் பிடித்து வகுப்பின் சார்பில் பேசியது லூசியா. நீ பின்வரிசையில் சுவரோடு ஒட்டி நின்றாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூசியாவின் அம்மா அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது.

ஈ.எஸ்.எல். என்றால் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அதிலும் ஆயிரம் கோளாறு. மூன்று பள்ளிக்கு ஒரே டீச்சர் கார் ஓட்டிக்கொண்டு அலைகிறாள். சயின்ஸ் பாடம் நடக்கும் நேரத்தில் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு போய்விட்டு, சயின்ஸில் மார்க் இல்லை என்கிறார்கள். அந்த முத்திரை விழுந்தால் அழிக்க வருஷக்கணக்கில் பரீட்சை எழுத வேண்டியிருக்கிறது. பள்ளியின் சராசரி மார்க்கை இந்தப் பிள்ளைகள் இறக்கிவிடுகிறார்கள் என்று முணுமுணுக்கிற வாத்தியார்களும் இருக்கிறார்கள். வீடு வாங்கப் போனால் ஏஜென்ட் முதலில் பள்ளிக்கூட ரேட்டிங்கைத்தான் காட்டுகிறார். நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "அந்த ஸ்கூல்ல ஈ.எஸ்.எல். பசங்க ஜாஸ்தியா?" நானும் கேட்டிருக்கிறேன். என் பிள்ளையே அந்தப் பிள்ளைதான் என்பதை மறைத்துவைத்துக்கொண்டு கேட்டேன். ஒரு அரசாங்கம் ஒற்றைத் தாளைக் கொடுத்து, எதற்கென்றும் சொல்லாமல், பயந்துபோய் வந்து நிற்கிற பெற்றோரிடம் கேள்வி கேட்கிறது. பெற்றோர் பொய் சொல்கிறார்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்கள். இதைக் கொள்கை என்கிறார்கள், திட்டம் என்கிறார்கள். என் வாயில் வேறு வார்த்தை வருகிறது.

இதைவிட மோசமான ஒன்றையும் சொல்ல வேண்டும். செல்வம் அங்கிள் கலிபோர்னியாவுக்கு, பிளசன்டனுக்கு, வீடு மாறிப் போன பிறகு காம்ப்ளெக்ஸில் அந்த இடத்துக்கு வந்தது யார் தெரியுமா? நான்தான். உனக்கு நடந்ததை எல்லாம் கண்ணால் பார்த்த பிறகும், புதிதாக வந்த பெண்களிடம், கோயிலில், தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில், சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டே, "ஃபார்ம்ல மறக்காம இங்கிலீஷ்னு போட்ருங்கம்மா" என்று நான் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேரிடம் என்று எனக்கே தெரியாது. நான் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால், என் வீட்டில் என்ன தப்பு நடந்தது என்று அவர்கள் கேட்டிருப்பார்கள் இல்லையா? அதனால்தான் இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பிய பிறகு சங்கத்தின் ஆண்டு மலருக்கும் கொடுக்கப்போகிறேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. இப்போதுகூட எதிரே உட்கார்ந்து, "பழசை எதுக்குக் கிளர்ற? அவன் நல்லாத்தானே வந்துட்டான்?" என்கிறார்.

நல்லாத்தானே வந்துட்டான்! இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறுகிறது. ஆமாம், நீ இன்ஜினீயர் ஆனாய், வீடு வாங்கினாய், பார்ட்டியில் என்னிடம் உன்னைக் காட்டி, பாருங்கள், நம் பிள்ளைகள் எப்படியும் முன்னுக்கு வந்துவிடுவார்கள் என்கிறார்கள். காலேஜில் எழுந்து நின்று பேச வேண்டிய ஒரு வகுப்பையும் நீ எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். உன் கல்யாண ரிசப்ஷனில் மைக்கைக் கொடுத்தபோது "தேங்க் யூ ஆல்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரம்யாவிடம் நீட்டினாய், நான் மேடைக்குக் கீழே இருந்து பார்த்தேன். போன வருஷம் ஆபீஸில் உன்னை டீமுக்கு லீடாகப் போடுகிறோம் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து, "எனக்கு ஸ்பீச் டிஸெபிலிட்டி இருக்கும்மா, அது என் ஸ்ட்ரெங்த் இல்ல" என்று என்னிடமே சொன்னாய். அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்கலாம். உனக்குத் தட்டில் இன்னொரு தோசை போட்டேன்.

நேற்று உன்னோடு பேசாமல் ரம்யாவின் போனில் வீடியோ கால் போட்டேன். யாழினியிடம், ஸ்கூலில் என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரியாது, நீ பார்க்கில் பசங்களோடு கிரிக்கெட் ஆடப் போயிருந்தாயாம். மூச்சு விடாமல் சொன்னாள். "பாட்டி, டீச்சர் என்னமோ சொன்னாங்க, எல்லாரும் எந்திரிச்சாங்க, நானும் எந்திரிச்சேன். அப்புறம் வேற என்னமோ சொன்னாங்க, எல்லாரும் சிவப்பு ரக்-ல போய் உக்காந்துட்டாங்க. நான் மட்டும் நின்னேன். ஏன்னா எனக்கு எந்த ரக்குன்னு தெரியல. ஒரு பையன் சிரிச்சான், அவன் பேரு லீயம். அப்புறம் டீச்சர் எங்கிட்ட வந்து மெதுவா மெதுவா அதையே சொன்னாங்க. மெதுவா சொன்னா மட்டும் எனக்கு எப்படிப் பாட்டி புரியும்?" ஐந்து வயதுக் குழந்தை, அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் யாருக்கும் தோன்றாததை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். இவளுக்கா பேச்சு வராது? இவளையா கண்ணாடி முன்னால் உட்காரவைக்கப் போகிறீர்கள்?

இன்று காலை யாழினியின் பள்ளி ஆபீஸுக்குப் போன் பண்ணினேன், பெயரைச் சொல்லாமல். அந்தத் தாளைத் திருத்தலாமாம். ஆனால் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள், அதுவும் குழந்தையை எந்தச் சோதனைக்கும் உட்காரவைப்பதற்கு முன்னால். அந்த இரண்டு வாரம் நாளை, புதன்கிழமையோடு முடிகிறது. பெற்றோர் கையெழுத்துத்தான் செல்லும், என் கையெழுத்துச் செல்லாது. செல்லுமென்றால் இந்நேரம் போட்டுவிட்டு வந்திருப்பேன். நாளைக் காலை ஏழரைக்கு ஆபீஸ் திறக்கிறார்கள். ஆபீஸ் மீட்டிங் இருக்கிறது, வேலை இருக்கிறது என்று எதையும் சொல்லாதே. போய் நின்று, தப்பாக எழுதிவிட்டோம், எங்கள் வீட்டு மொழி தமிழ் என்று சொல். அவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கிஃப்டட் வகுப்பு கிடைக்காதே என்று ரம்யா கவலைப்பட்டால், இந்தப் பக்கத்தை அவளிடம் கொடு. ஸ்பீச் இவாலுவேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டால், குழந்தையை முதலில் அவளுடைய மொழியில் கேளுங்கள் என்று சொல். உனக்குப் பேச வராது என்று பயமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள். உனக்குப் பேச வரும் என்பதற்கு உன்னைப் பெற்றவளின் வாக்குமூலம் இது.

யாழினி பேசி முடித்ததும் எனக்கு ஒரு மத்தியானம் ஞாபகம் வந்தது. நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவுக்கும் தெரியாது. வீட்டில் தமிழ் கூடாது என்று நாங்கள் தடை போட்டு ஒரு வாரம் இருக்கும். நீ பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாய், ஷூவைக்கூடக் கழற்றவில்லை, முகமெல்லாம் சிவந்திருந்தது. "அம்மா, இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தாய். நான் விரலை நீட்டி, "இங்கிலீஷ்ல சொல்லு" என்றேன். வாயைத் திறந்தாய். வார்த்தையைத் தேடினாய், எனக்குத் தெரிந்தது, உன் கண் இங்கேயும் அங்கேயும் ஓடியது. பிறகு, "நத்திங்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய். நீ சந்தோஷமாக ஓடிவந்தாயா, யாராவது அடித்துவிட்டார்களா, எனக்குத் தெரியாது. அடுப்பில் குக்கர் விசில் அடித்தது, நான் அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

நாளைக்கு அந்தத் தாளைத் திருத்திவிட்டு நேராக இங்கே வா. வந்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லு. மறந்துபோயிருக்கும், எனக்குத் தெரியும். அப்படியென்றால் எதிரே உட்கார்ந்து என்னைத் திட்டு. தமிழில் திட்டு. உன்னிடம் எத்தனை வார்த்தையை மிச்சம் வைத்திருக்கிறேன் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா